சந்தனம் பூசிய துப்பாக்கி

எங்கள் துப்பாக்கிச் சங்கத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. அங்கே சுடத் தெரிந்தவர்களைவிட வாயடிக்கத் தெரிந்தவர்கள் அதிகம். அவர்கள் நடுவே பல வருஷமாக வாயைத் திறக்காமல் சுட்டவள் தொம்மலூர் உஷா.

உஷாவின் அப்பா கர்நாடகச் சட்டசபைக் கட்டடமான விதான சௌதாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளுக்குப் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. கல்லூரி என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியை நாற்பது தாண்டியும் விடவில்லை. ஒரு முறையாவது கர்நாடக அணியில் இடம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. போன தசராவை ஒட்டி நடந்த தேர்வுப் போட்டிதான் கடைசி வாய்ப்பு. அதன் பிறகு கம்பெனி அவளை ஹைதராபாத்துக்கு மாற்றுவதாக இருந்தது.

சுடும்போது, குண்டு குழலைவிட்டு வெளியே வரும் முன்பே துப்பாக்கி பின்னால் உதைக்கத் தொடங்கிவிடும். குழலும் அதிரும். அந்த உதையும் அதிர்வும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். அதற்காகவே குழல் தன் கீழே உள்ள மரக்கட்டையைத் தொடாமல் நிற்க வேண்டும். உஷா சுடுவதற்கு முன் ஒரு பஸ் டிக்கெட்டை இரண்டுக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்ப்பாள். தடையில்லாமல் வந்தால்தான் குறி பார்க்கப் படுப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. சங்கத்தின் செயலாளர் ரங்கா எல்லோருடைய துப்பாக்கியையும் மேஜையில் வரிசையாக அடுக்கி, போட்டோவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சந்தனத்தை அள்ளி அப்பினார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பூசமாட்டார்கள்.

"குழல் பக்கம் வேணாம் சார்" என்றாள் உஷா.

"சும்மா இருங்க மேடம், சாமி காரியத்துல ரூல்ஸ் பேசாதீங்க."

பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொடக் கூடாது என்று அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். விஜயதசமிக்கு மறுநாள் போட்டி. அன்று காலை மனிதர் ஆடி அசைந்து வந்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் துப்பாக்கிகள் எங்கள் கைக்கு வந்தன. கண்ணுக்குத் தெரிந்த சந்தனத்தை உஷா அவசரமாகத் துடைத்தாள். பஸ் டிக்கெட்டை எடுப்பதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் எல்லாம் நடுவில் விழுந்தன. குழல் சூடேற ஏறக் குண்டுகள் ஒன்று மேலே, ஒன்று இடது பக்கம் என்று சிதறின. பின்னால் நின்ற பயிற்சியாளர் டெஸ்மண்ட் பக்கத்தில் இருந்தவரிடம் அவளுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "ஷோல்டர் ஜெர்க் ஆவுது பாரு. உதைக்குப் பயப்படறா. வயசாச்சுல்ல?"

சீ! அந்தத் துப்பாக்கியின் உதை பூனை முட்டுகிற அளவுதான். ஆனால் துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்று எவராவது சொன்னால் போதும், எங்கள் சங்கத்தில் உடனே பழமொழி பறந்து வரும்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பேச்சு வாங்கக் கூடாது என்றே உஷா துப்பாக்கியைச் சந்தேகிக்கவில்லை. தன் தோளைத்தான் சந்தேகித்தாள். இறுக்கிப் பிடித்தாள், பிறகு தளர்த்திப் பார்த்தாள். இன்னும் மோசமானது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் அணியில் இடம் கைநழுவியது.

போட்டி முடிந்து துடைப்பதற்காகக் குழலை மரக்கட்டையிலிருந்து கழற்றினாள். இடுக்கில் வழிந்து காய்ந்த சந்தனக் கட்டி ஒன்று, குங்குமம் கலந்து, உடைந்து கிடந்தது. சுடச்சுட அது விரிசல்விட்டு நகர்ந்து, குழலை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் முட்டியிருக்கிறது. முறையிடவும் வழியில்லை. துப்பாக்கியைச் சரிபார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்பது விதி.

கட்டியை உள்ளங்கையில் வைத்து ரங்காவிடம் கொண்டு போனாள். பொரி தின்றுகொண்டிருந்த அவர் கையைத் துடைத்துவிட்டு, அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 

"பிரசாதம் மேடம் இது! இது இருந்ததாலதான் இந்த மட்டுக்காவது ஸ்கோர் வந்துச்சு" என்றார். டெஸ்மண்ட் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ரங்கா அதில் ஒரு துண்டைத் தண்ணீரில் குழைத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, அதே விரலை அவள் நெற்றிக்கு நீட்டினார்.

உஷா பின்னால் நகர்ந்தாள்.

"எல்லாரும் என் தோளையே பார்த்தீங்க. துப்பாக்கியைக் கழட்டிப் பார்க்கணும்னு உங்க யாருக்கும் தோணல. உங்க பேச்சை நம்பி எனக்கே தோணல. அதான் சார் அசிங்கமா இருக்கு."