கேப்டனின் சட்டை

என் அண்ணன் நஸரேனோ மீசை முளைத்த நாளிலிருந்து எங்கள் ஊர் கால்பந்து கிளப்பின் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஆனால் ஒரு கோலையும் கண்ணால் பார்த்ததில்லை. கோல்கம்பத்துக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டே பார்க்கும் பகுதிக்கு எங்கள் மொந்தெலாரோவில் வளைவு என்று பெயர். அந்த வளைவின் முன்கம்பிமேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கை மைக்கில் கூட்டத்தைப் பாட வைப்பது அவன் வேலை. சம்பளம் கிடையாது, தொண்டைக்கட்டுதான் மிச்சம். கோல் விழுந்ததா இல்லையா என்பதை எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். திங்கட்கிழமை காலை ஷூ கம்பெனியில் அடித்தோல் வெட்டப் போய்விடுவான்.

நான் கட்டிக்கொண்டதோ, அவன் பார்க்காத அந்தக் கோல்களை அடிக்கிறவனை.

இவானோ ரொக்காத்தோ வடக்கே போ என்ற ஆற்றின் கரைக்காரன். மூடுபனியும் சோளக்கொல்லையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. பதினான்கு வயதில் ஒரு பெரிய நகரத்து கிளப் அவனைத் தூக்கிக்கொண்டு போய் விடுதியில் போட்டது. பத்தொன்பது வயதில் ஒருநாள், 'நீ போதாதுப்பா' என்று சொல்லி, போட்டிருந்த பயிற்சிச் சட்டையைக்கூட அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதன் பிறகு இரவல் சைக்கிள் மாதிரி ஊர் ஊராகப் போனான். ஒரு ஊரில் கிளப் தலைவரே காணாமல் போனார். இன்னொரு ஊரில் காலையில் பயிற்சிக்குப் போனால் அவன் நம்பரை வேறொருவன் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். எங்கள் ஊருக்கு வரும்போது அவனுக்கு இருபத்தேழு வயது. ஒரு பெட்டி, ஒரு காபிக் குடுவை, இவ்வளவுதான் சொத்து.

ஆண்கள் முடிவெட்டும் கடை பூட்டியிருந்தது என்று என் கடைக்கு வந்தான். "இது பொம்பளைங்க கடை" என்றேன். "முடிக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றான். அன்று வெட்டிய முடி கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் திரும்ப வந்தான்.

இங்கேதான் நிலைத்தான். கோல்கள் வந்தன. நான்கு வருடம் கழித்துக் கையில் கேப்டன் பட்டையைக் கட்டினார்கள். சம்பளம் தாமதமானால் தலைவரிடம் போய் நிற்பது, புதிதாக வந்த பையன்களுக்கு வீடு பார்ப்பது, தோற்ற நாளில் முதல் ஆளாக வளைவின் முன்னால் போய்த் திட்டு வாங்குவது, எல்லாம் கேப்டன் தலையில். ஊரில் எந்தக் கடையில் காபி குடித்தாலும் வேறு யாராவது காசு கொடுத்திருப்பார்கள்.

அவனுக்கு முப்பத்தாறு வயதான அந்த வருடம், கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் கோலே அடிக்கவில்லை. காபிக்குக் காசு கொடுப்பவர்கள் குறைந்தார்கள். சாயம் பூச உட்கார்ந்த பெண்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உன் வீட்டுக்காரருக்கு முட்டி வலியா?" என்று கேட்டார்கள். அக்கறை அல்ல, விஷம்.

மே மாதத்தில் கழுத்துக்குக் கத்தி வந்தது. மூன்றாம் டிவிஷனிலிருந்து கீழே இறங்குவது யார் என்று இரண்டு கிளப்புகள் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். அவர்கள் ஊரில் ஒரு சனிக்கிழமை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். இரண்டு ஆட்டத்துக் கோல்களும் சேர்ந்து சமமானால் பட்டியலில் மேலே இருப்பவர்கள் தப்பிப்பார்கள். நாங்கள் அவர்களைவிட ஒரு படி மேலே இருந்ததால், அடுத்த ஞாயிறு எங்கள் ஊரில் ஒரே ஒரு கோலில் ஜெயித்தாலே தப்பிக்கலாம். அந்த ஆட்டம் சமன் ஆனால்கூடப் போச்சு.

தோற்ற மறுநாள் அண்ணன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அடுக்கடுக்காய்ச் சுட்ட பாஸ்தாவை இரண்டு தடவை போட்டுக்கொண்டான். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"மாப்ள, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத."

"உன்னக் கோவிச்சு என்ன ஆகப்போகுது மச்சான், சொல்லு."

"அடுத்த ஞாயிறு நாம கீழ போயிட்டா, வளைவு உன்னக் கூப்பிடும். சட்டையைக் கேக்கும்."

இவானோ ரொட்டித் துண்டால் தட்டை வழித்துக்கொண்டே இருந்தான்.

"கேக்கப்போறது நான்தான். மைக் என் கையிலதான இருக்கும்? தங்கச்சி புருஷனாச்சே, முன்னாடியே சொல்லிடலாம்னு வந்தேன்."

"வந்த வேலை இதுதானா?" என்று கத்தினேன். "ரெண்டு தட்டு தின்னுட்டுச் சொல்ற பாரு! வயிறு நிறைஞ்சப்புறம்தான் வாய் வந்துச்சா?"

"நீ சும்மாயிரு மாருஸ்கா. இது எங்க ரெண்டு பேருக்குள்ள."

"குடுக்க மாட்டேன் மச்சான்" என்றான் இவானோ. குரலை உயர்த்தவில்லை. உப்பு கேட்பது போலச் சொன்னான்.

"தோனினி குடுத்தான்ல?"

"அவன் குடுத்தான். நான் குடுக்க மாட்டேன்."

தோனினி இவானோவுக்கு முன்பு கேப்டனாக இருந்தவன். ஒரு வருடம் கேவலமாகத் தோற்றபோது வளைவு அவனைக் கூப்பிட்டு, இந்தச் சட்டையைப் போட உனக்கு யோக்கியதை இல்லை, கழற்று என்றது. கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு வெற்றுடம்போடு உள்ளே போனான். அந்த வாரம் அவன் மனைவி என் கடைக்கு வந்து முடியை ஒட்ட வெட்டச் சொன்னாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், காசை வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவர்களை யாரும் ஊரில் பார்க்கவில்லை. சட்டையைக் கொடுத்தவனுக்கே இந்தக் கதி. கேட்டும் கொடுக்காதவன் என்று அதுவரை ஒருவனும் இல்லை. அப்படி ஒருவன் கிளம்பினால் என்ன நடக்கும்? இந்த ஊரில் எங்கள் வீடு இருக்கிறது, என் கடை இருக்கிறது. இருக்கிற ஒரே அண்ணனும் இங்கேதான் இருக்கிறான்.

அண்ணன் போன பிறகு இவானோவைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு துணிதானே? கழட்டிக் குடுத்துட்டு வாயேன். வீட்ல அலமாரி நிறைய வச்சிருக்க."

"ஆறு ஊர்ல கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். ஒருத்தன்கூட ஏன்னு சொல்லல. போதும்டி."

அதற்குமேல் அவனிடம் பேச முடியாது. சுவருக்காவது காது இருக்கும்.

புதன்கிழமை காலை கடையைத் திறக்கப் போனால், ஷட்டர் பூட்டில் ஒரு வெறும் ஹேங்கர் தொங்கியது. சட்டை மாட்டும் ஹேங்கர். வேறொன்றும் இல்லை. அது போதாதா? அக்கம்பக்கம் பார்த்தேன், எதிர்க்கடைக்காரர் அவசரமாக வேறு பக்கம் திரும்பினார். பையில் திணித்துக்கொண்டு நேராக ஷூ கம்பெனி வாசலுக்குப் போய் அண்ணனை வெளியே கூப்பிட்டேன்.

"இது உன் வேலையா?"

"என்னடி பேசற? நான் கேட்டா மூஞ்சிக்கு நேரா கேப்பேன். ஹேங்கர் மாட்டற ஜென்மம் இல்ல நான்."

"அப்ப யாரு?"

"தெரியல. எங்க பசங்கதான்." அவன் முகம் வெளிறியிருந்தது. "சொல்லி வைக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை நான் கேக்கலன்னா வேற எவனாவது கேப்பான். அது இன்னும் மோசம். அதையும் யோசி."

யோசித்தேன். யோசித்து யோசித்து ஒரு அம்மாவுக்குச் சாயத்தை நேரம் தாண்டி விட்டுவிட்டேன், தலை காரட் நிறத்துக்கு வந்தது. ஹேங்கரை வீட்டில் ஒளித்து வைத்தேன். இவானோ எப்படியோ கண்டுபிடித்து, "நல்லா கெட்டியா இருக்கே" என்று தன் கோட்டை அதில் மாட்டிவிட்டுப் போனான். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

ஞாயிறு வந்தது. என் பக்கத்தில் என் வாடிக்கைக்காரி செத்திமியா உட்கார்ந்திருந்தாள். பொரித்த ஆலிவ் பொட்டலத்தை நீட்டி, "தின்னு, தின்னாத்தான் பதட்டம் போகும்" என்றாள். பொட்டலத்தை அவள் பக்கமே தள்ளினேன். முதல் பாதி முழுக்கப் பந்து ஆகாயத்திலேயே இருந்தது. இவானோவுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது, கோல்கீப்பரின் கைக்கே அடித்தான். வளைவு ஒரு கணம் பாட்டை நிறுத்தியது. அண்ணனின் முதுகுதான் எங்கள் பக்கம் தெரிந்தது. அந்த முதுகு கொஞ்சம் குனிந்த மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். பத்துப் பேர் எழும்பினார்கள். பந்து இவானோவின் நெற்றியில் பட்டதா, காதில் பட்டதா, தோளில் பட்டதா, இன்றுவரை ஊரில் தகராறு. உள்ளே போனது, அதுதான் விஷயம். செத்திமியா என் மடியெல்லாம் ஆலிவைக் கொட்டிவிட்டுக் கட்டிப்பிடித்தாள். எதிரே முகங்கள் வெடித்ததைப் பார்த்து அண்ணன் கம்பிமேலிருந்து விழப் போனான், நாலு பேர் காலைப் பிடித்தார்கள்.

அதன் பிறகுதான் உண்மையான நரகம். ஒரு கோல் வாங்கினாலும் முடிந்தது. எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் கோல் முன்னால் குவிந்து கிடந்தார்கள், முன்னால் ஓட வேண்டிய இவானோகூடப் பின்னால் வந்து பந்தை வெளியே உதைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் எதிரணிக்காரன் ஒருவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. பிறகு விசில்.

தப்பித்தோம். நான் அழுதேன், சிரித்தேன், யாரையோ முத்தமிட்டேன். ஆட்டக்காரர்கள் கைகோத்துக்கொண்டு வளைவை நோக்கி ஓடினார்கள். ஊரே இவானோவின் பெயரைப் பாடியது. அப்போது அந்தச் சத்தம் கிளம்பியது.

"சட்டை! சட்டை!"

ஒரு வாரமாக என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே வார்த்தை. பிறகுதான் பார்த்தேன், எல்லோரும் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், கையை நீட்டுகிறார்கள். "பாருடி, உன் புருஷன் சட்டைக்கு அடிச்சிக்கறாங்க!" என்றாள் செத்திமியா. மற்ற ஆட்டக்காரர்கள் கழற்றி வேலிக்கு மேலே வீசினார்கள். இவானோ மட்டும் சட்டையோடு நின்றான்.

நான் படியிறங்கி, ஆட்டக்காரர் குடும்பங்களை விடும் சின்ன கேட் வழியாக ஓடினேன். அண்ணன் கம்பியிலிருந்து இறங்கி வேலிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டியிருந்தான்.

"மாப்ள, குடுடா. பசங்க பாசத்துல கேக்கறாங்க."

"தெரியுது மச்சான்."

"அப்புறம் என்ன?"

"தோத்திருந்தா கேட்டிருப்பல்ல?"

"கேட்டிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்."

"தோத்தா ஒன்னு, ஜெயிச்சா ஒன்னுன்னு ரெண்டு சட்டை இல்ல என்கிட்ட. இருக்கறது ஒன்னுதான்."

அண்ணன் நீட்டிய கை அப்படியே இருந்தது. பின்னால் கூட்டம், "என்னவாம்? என்னவாம்?" என்று இரைந்தது. அவன் மெல்ல மேலே ஏறினான், மைக்கை வாயருகே கொண்டுபோனான். ஒரே ஒரு சொல்லில் அத்தனை பேரையும் அவனால் என் புருஷன்மேல் திருப்பிவிட முடியும்.

"தரமாட்டானாம்" என்றான். அவ்வளவுதான்.

சத்தம் அடங்கியது. எங்கோ ஒருவன் விசிலடித்தான், பாராட்டி அல்ல, ஏசி. பிறகு இன்னும் சிலர். அவர்களைக் காப்பாற்றிய நாளிலேயே என் புருஷன் விசிலை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தான். என் பிடரியில் கையை வைத்து, "வா, பசிக்குது" என்றான். தோற்றால் என்ன ஆகும் என்று ஒரு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தேனே, ஜெயித்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடியாவது நினைத்தேனா?

ஷட்டரில் எதுவும் தொங்கவில்லை. கார் டயரை யாரும் கிழிக்கவில்லை. "கர்வம் பிடிச்சவன்" என்று கடையில் சிலர் முணுமுணுத்ததோடு சரி. ஆனால் அடுத்த வருடம், அவன் ஆடிய கடைசி வருடம், வளைவு இவானோவின் பெயரை ஒருதடவைகூடப் பாடவில்லை. அவன் கோல் அடித்தால் கிளப்பின் பெயரைப் பாடினார்கள். நேற்று வந்த பையன்களுக்கெல்லாம் மேளம் அடித்துப் பாட்டு. எல்லாவற்றுக்கும் மைக் பிடித்தது என் அண்ணன். ஞாயிறு மதியம் என் பாஸ்தாவைத் தின்றுவிட்டுப் போய் இதைச் செய்தான். ஒவ்வொரு கோலுக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். "பாட்டுக்கா ஆடறேன்?" என்பான் இவானோ. அவனுக்கு உண்மையிலேயே உறைக்கவில்லை. எனக்கு எரிந்தது.

கடைசி ஆட்டத்தில் மாற்று ஆளை இறக்க அவனை வெளியே அழைத்தபோது மற்ற பக்கமெல்லாம் எழுந்து கைதட்டின. வளைவும் எழுந்தது, எல்லோரும் கழுத்துத்துண்டை உயர்த்திப் பிடித்தார்கள். வாயை மட்டும் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டு முடித்து இவானோ தூங்கப் போனதும், சமையலறையில் அண்ணனை மடக்கினேன். "அவன் உனக்கு என்னடா பண்ணினான்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் பேரைப் பாடியிருந்தா உன் நாக்கு அழுகிடுமா?"

நஸரேனோ துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"பாடினா அவன் எங்க ஆளாயிடுவான் மாருஸ்கா. எங்க ஆளா இருந்தா திரும்பக் கேப்போம். ஒரு நாள் பாசத்துல கேப்போம், ஒரு நாள் கோவத்துல கேப்போம். மைக் என் கையில இருக்கற வரைக்கும் அவன்கிட்ட யாரும் எதையும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அழுகையாக வந்தது. அண்ணன் கையில் இருந்த துணியாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்தான்.