ரீச்சரின் கணினிக்கு ஒரு சட்டை

"அவன்ரை முகம் போன இடத்திலை என்ரை முகம் வந்து நிக்கும், தம்பி." கணினி தானாக அணைந்துவிடுவதை ரீச்சர் இப்படித்தான் சொன்னார். மானிப்பாயில் எங்களுக்கு அடுத்த வளவில் தனியாக இருப்பவர் அவர். மிஷன் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் கண்ணுக்குக் கைத்தொலைபேசி சிறிது என்று, கனடாவிலிருந்து மகன் ஒரு மேசைக் கணினியை அனுப்பியிருந்தான். ஞாயிறு மாலை இங்கே வெயில் தணியும்போது அங்கே அவனுக்கு விடியும். இருவரும் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருக்கையில் திரை கறுத்துவிடும். அந்தக் கறுப்பில், கிணற்றை எட்டிப் பார்த்ததுபோல, ரீச்சர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மகன் மணம் செய்தது யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்ப் பெண்ணை. கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். ரீச்சர் அதை ஏற்கவில்லை. மருமகளோடு ஒரு சொல்லும் கதைத்ததில்லை. வயது போகப் போக அந்த மௌனம் அவருக்கே பாரமாகிவிட்டது. "அவளைக் கூப்பிடு" என்று சொல்ல ஒவ்வொரு ஞாயிறும் ஆயத்தப்படுவார். ஆனால் எங்கள் ஊரில் எடுத்த எடுப்பில் யாரும் விஷயத்துக்கு வருவதில்லை. மழை, கிணற்றுத் தண்ணீர், சொந்தக்காரரின் சுகம், ஆராதனைக்கு வந்தவர், வராதவர் என்று எல்லாம் சுற்றி அந்த இடத்தை நெருங்கும்போது கணினி நின்றுவிடும். அம்மா வேண்டுமென்றே அணைக்கிறார் என்று மகன் நினைத்தான். மகன்தான் இணைப்பைத் துண்டிக்கிறான் என்று ரீச்சர் நினைத்தார். கேட்டுத் தெளிய இருவருக்கும் ரோசம் விடவில்லை. பிறகு சில ஞாயிறுகளில் அவன் அழைக்கவேயில்லை.

நான் கந்தோரில் கணினிகளைப் பராமரிப்பவன். ஒன்றை மாற்றினால், அதன் பலனைப் பாராமல் அடுத்ததைத் தொடமாட்டேன். பிளக், வயர், மாலையில் இறங்கும் மின்னழுத்தம், பவர் சப்ளை என்று ஒழுங்காகப் பார்த்தேன். பக்க மூடியைக் கழற்றித் தூசி ஊதினேன். விசிறிகள் சரியாகச் சுழன்றன. என் முன்னால் அது ஒருநாளும் அணையவில்லை. யன்னல் சீலையால் வடிந்த மத்தியான வெளிச்சமும் விசிறியின் மெல்லிய இரைச்சலும் சேர்ந்து எனக்கே கண் சொருகும். அந்த அறை நீரில் மிதப்பதுபோல இருக்கும். "உமக்குப் பயந்து ஓடுது" என்பார் ரீச்சர்.

ஒரு ஞாயிறு, விட்டுவந்த குறடொன்றை எடுக்கச் சொல்லாமல் போனேன். மகனின் அழைப்பை எதிர்பார்த்து ஓடவிட்டிருந்த கணினிப் பெட்டிக்கு ஒரு வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. நூலால் பின்னி, உள்ளே தடித்த துணி வைத்து, கணினியை இயக்கும் பொத்தானுக்கு மட்டும் ஒரு துவாரம் விட்ட சட்டை.

"இதென்ன ரீச்சர்? நான் வரேக்கை இதைக் காணேல்லையே."

"உம்மடை கை அழுக்குப் படும் எண்டு கழட்டி வைப்பன். கனடாச் சாமான், இஞ்சத்தைத் தூசி தாங்குமோ?"

தொட்டுப் பார்த்தேன். அடுப்பால் இறக்கிய சட்டியாகச் சுட்டது. "மூச்சுவிட வழியில்லை. வேர்த்துப்போய்த் தானா நிக்குது."

"வேர்க்குதெண்டு வாய் திறந்து சொல்லாததை நான் என்னெண்டு அறியிறது?" என்றவர், தானும் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப அவன் கட் பண்ணேல்லையோ?" என்றார்.

சட்டையைக் கழற்றி, ஆறவிட்டு, அன்று அவரே மகனை அழைத்தார். என்னையும் இருக்கச் சொன்னார். மழை வந்தது, கிணறு வந்தது, சொந்தக்காரர் வந்தார்கள். வழக்கமாக இருளும் நேரம் கடந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தித் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். அது இருளவில்லை. விசிறி மட்டும் சுழன்றது.

"அவ நிக்கிறாவோ? கூப்பிடு."

ஒரு முகம் தயங்கித் தயங்கித் திரைக்குள் வந்தது. ரீச்சர் அதைக் கனநேரம் பார்த்தார். "அங்கை நல்ல மீன் கிடைக்குமோ, பிள்ளை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தொழிலைச் சொல்லித்தானே அவர் மறுத்தவர்.

"ஐசிலை வைச்சதுதான், மாமி. ருசியில்லை."

"இஞ்சை சைக்கிளிலை வரும். எனக்குப் பாத்து வாங்கத் தெரியாது. வந்து காட்டித் தாவன்."

இந்த ஆவணியில் மருமகள் வந்து நிற்கிறாள். காலையில் படலையடியில் அவள் குரல் கேட்டது. "செவுளைத் தூக்கிப் பாருங்கோ மாமி, உது நேற்றையான்." மீன்காரர் சிரித்துவிட்டு, "பிள்ளை எவடம்?" என்று கேட்டார். அவள் வாய் திறக்கமுன், ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படி ரீச்சர் சொன்னார்: "குருநகர். என்ரை மருமகள்."