கவிழ்ந்து கிடந்த விமானம்

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தேன். அங்கே ஓர் அறையில் முன்னாள் போர்விமானி ஒருவர் இருந்தார். அவருடைய மேசையில் ஒரு விமானப் படம் இருக்கும். குண்டுவீச்சில் யாழ்ப்பாணத்து வீட்டை இழந்து வந்தவன் நான். தூசு தட்டும் சாக்கில், உற்றுப் பார்க்காமலே, அதைத் தினமும் குப்புறக் கவிழ்த்துவிட்டு வருவேன். மறுநாள் நிமிர்ந்திருக்கும். அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை.

ஒருநாள் அவர் அறையில் தூசு தட்டும்போது பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்தது. "ஐயோ அம்மாளே!" என்று கட்டிலுக்குக் கீழே பாய்ந்தேன். சத்தம் அடங்கிப் பார்த்தால், ஊன்றுகோலைப் போட்டுவிட்டு அவரும் என் பக்கத்தில் தரையில் இருந்தார்.

"நீங்கள் விமானியெல்லோ, உங்களுக்குமோ பயம்?" என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அந்த ஊர் ஜெர்மன் மொழியில், கேட்டேன்.

"ஓம். அந்தப் படத்தை ஒருக்கால் வடிவாய்ப் பாரும்" என்றார்.

பார்த்தேன். புல்வெளியில் விமானம் தலைகீழாகக் கிடந்தது.

"உலகப்போர் முடிஞ்ச கையோடை, தரையிறங்கேக்கை கவிண்டது. நான் உள்ளுக்குத் தொங்கிக்கொண்டு கிடந்தனான். பிறகு பறக்கேல்லை."

விமானத்துக்குள்ளும் பயந்தவன் ஒருவன் இருப்பான் என்று அதுவரை நான் நினைத்ததேயில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் எழுந்தோம்.

இன்றும் விமானச் சத்தம் கேட்டால் என் கை அந்தக் கையைத்தான் தேடுகிறது.