பாவுக்குக் கீழே போன வண்டி

தெரியாதவன் செய்கிற தப்பை ஊர் மன்னித்துவிடும், தெரிந்தவன் செய்கிற தப்புக்குத்தான் மருந்து கிடையாது என்பார்கள். நான் செய்தது இரண்டாவது வகை.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு தெருமுனைப் படிப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பெஞ்சு, மூன்று தினசரி, ஒரு கரகரத்த ரேடியோ. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். மிச்ச எழுத்தெல்லாம் மளிகைப் பொட்டலத்திலும் சுவரொட்டியிலும் கற்றதுதான். வாய் மட்டும் ஓயாது. அதனாலோ என்னவோ, பெண்கள் உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியை ஒரு நாள் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் குடிமைப் பயிற்சி என்று ஒரு பாடவேளை உண்டு. பரீட்சை இல்லாத பாடம். பல இடங்களில் அந்த நேரத்தில் கணக்குப் போடச் சொல்லிவிடுவார்கள். இந்த அம்மா அப்படி விடவில்லை. ஊருக்கு உருப்படியாக ஒன்று செய்யுங்கள், செய்ததை நோட்டில் எழுதுங்கள் என்று பத்தாம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லி, ஆண்டு விழாவில் அதற்கொரு பரிசும் அறிவித்துவிட்டார். நோட்டுகளில் எது நடந்தது, எது கதை என்று பார்த்துச் சொல்ல ஊர் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நானாம்.

இருபது நோட்டுக்கு மேல் இருக்கும். ஒருத்தி உடைந்த குழாய்க்காக நகராட்சிக்கு விடாமல் கடிதம் எழுதி, கடைசியில் குழாயைச் சரிசெய்ய வந்த ஆளுக்கு மோர் கொடுத்திருந்தாள். ஒருத்தி பால்காரருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்திருந்தாள். படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு நிறைந்துகொண்டே போனது. அப்புறம் ஒரு நெசவாளி மகளின் நோட்டு வந்தது.

அவள் எழுதியிருந்தது இது. அவள் தெரு குறுகல். விடியற்காலையில் நெசவாளிகள் அங்கே பாவு நீட்டுவார்கள். பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். ஆயிரக்கணக்கான பட்டிழைகளைத் தெரு நெடுகக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் உலர்த்த வேண்டும். அதுவரை அந்த வழியே வண்டி போகாது. முந்தைய மழைக்காலத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வந்த ஜட்கா குதிரைவண்டி, பாவைப் பார்த்து நின்று, மேடுபள்ளத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. குழந்தை வண்டியிலேயே பிறந்துவிட்டது. தாய் பிழைத்தது பெரும்பாடு. அதற்குப் பிறகு இந்தப் பெண் வீடு வீடாக ஏறி ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்: "பாவு நம்மளுது. தெரு யாருது?" பாவுக்குப் பதிலாகப் பழைய புடவைகளை முடிச்சுப் போட்டு நீட்டி, எல்லாரையும் ஒன்றாகத் தூக்கிப் பழக வைத்திருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி வந்தால் தெருவே சேர்ந்து பாவைத் தலைக்கு மேல் தூக்குகிறது, வண்டி அடியில் போகிறது. இரண்டு முறை நடந்துவிட்டது.

படித்ததும் சிரித்துவிட்டேன். நான் தறியில் வளர்ந்தவன். "நெசவாளி மடியில கைய வை, பாவுல வைக்காத" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கஞ்சி ஈரத்தோடு பாவு தொய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு பாவில் இருக்கிற மூன்று புடவைக்கான பட்டு வீண். அடுத்தவன் கை படவே விடாதவன், தெருவே சேர்ந்து தூக்க விடுவானா? வெளியூர்க்காரன் யாராவது இந்த நோட்டைப் படித்திருந்தால் நம்பியிருப்பான். நான் சிவப்புப் பென்சிலால், "இது நடக்காத காரியம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை படிப்பகத்துக்கே வந்து நின்றார். முகம் சரியில்லை.

"நீங்க எழுதினத நம்பி அந்தப் பொண்ண வகுப்புல நிக்க வச்சு, பொய் எழுதலாமான்னு கேட்டுட்டேன். அன்னிலேர்ந்து அவ வரல. அவங்கப்பா நிறுத்திட்டாராம்."

நேரே அந்த வீட்டுக்குப் போனேன். அப்பன்காரர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"இன்னாபா, பெரிய மனுசன் வந்துக்கினு கீறாரு. நீயும் தறியில குந்தனவன்தானே?"

"ஆமாம்பா. அதனாலதான் நம்ப முடியல."

"நாங்க பாவ தூக்கனது நெசம். அத்த எழுதனா பொய்யின்றாங்க. நெசத்தப் பொய்யின்ற எடத்துல எம்பொண்ணு இன்னாத்த படிக்கப் போறா? தறி இருக்குது, குந்தட்டும்."

மகள் மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது இருக்கும். "ஒரு தடவ தூக்கிக் காட்டும்மா, நானே பள்ளிக்கூடத்துல வந்து சொல்றேன்" என்றேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"வேடிக்கைக்கெல்லாம் பாவ தூக்கமாட்டாங்க மாமா. வண்டி வந்தாத்தான்."

மறுநாளிலிருந்து விடிகிற நேரத்துக்கு அந்தத் தெருவில் போய் நின்றேன். தெருப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"மருத்துவச்சி வந்தாச்சுடீ!"

"இன்னாண்ணா, இன்னிக்காவது யாருக்காவது வலி எடுக்குமா?"

சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் கூசியது. வண்டி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டால் யாருக்கோ நோவு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதாக அல்லவா ஆகிறது! வேண்டாமல் நின்றேன்.

நாலாம் நாள், அந்த அப்பன்காரரின் பாவுதான் தெருவில் கிடந்தது. அரக்குச் சிவப்பு. கஞ்சி அப்போதுதான் போட்டு முடித்திருந்தார்கள், சொட்டிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் ஜட்கா மணி கேட்டது. திருப்பருத்திக்குன்றத்து வண்டி. உள்ளே ஒரு பெண் முனகும் சத்தம், கூடவே அவள் மாமியாரின் அதட்டல்.

நான் அப்பன்காரரின் முகத்தைப் பார்த்தேன். சொட்டச் சொட்ட ஈரப் பாவு. இதைவிட மோசமான நேரம் கிடையாது. 'முடியாதுபா, சுத்திக்கினு போ' என்று அவர் சொல்லியிருந்தால் அந்த நிமிடம் நானே ஆமாம் போட்டிருப்பேன்.

அவர் மகளைப் பார்த்து, "கூப்புடும்மா" என்றார்.

அவள் "வண்டி!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். அந்தச் சொல் வீட்டுக்கு வீடு தாவிப் போனது. பல் குச்சியோடு ஒருவர், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொருத்தி. யாரும் யாரையும் எங்கே நிற்பது என்று கேட்கவில்லை. முனைக் கட்டைகளை அவிழ்த்து, தெருவின் இரு கோடியிலும் ஆள் நின்று இழுத்துப் பிடித்தார்கள். நடுவே இழைகளுக்குள் செருகியிருந்த மூங்கில்களின் நுனிகளை மற்றவர்கள் கவைக்கொம்பில் ஏந்திக்கொண்டார்கள். அவள் எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு..." மூன்றுக்கு அந்தச் சிவப்பு முழுவதும், ஒரு சுருக்கம் விழாமல், தெருவை விட்டு எழும்பியது.

என்னத்தைச் சொல்ல! தேர் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன், கருட சேவைக்குக் குடை எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்ததில்லை.

"குதிர மெரளுமேபா" என்றார் வண்டிக்காரர். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குதிரையின் கண்ணில் கட்டினார். வண்டி அடியில் நுழைந்தது. பட்டுக்கு மேலிருந்து விடிகிற வெளிச்சம் இறங்கி, குதிரை, வண்டி, வண்டிக்காரரின் வழுக்கை எல்லாமே சிவந்து போயின. மாமியார்க்காரி வெளியே எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, பந்தல் போட்டுக் கூட்டிக்கினு போறாங்க!" என்றாள். வலியிலும் அந்தப் பெண் சிரித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

வண்டி மறுபக்கம் வந்ததும் பாவு இறங்கியது. அப்பன்காரர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலால் தடவிக்கொண்டே நடந்தார். "அஞ்சாறு இழதான்" என்றார். உடனே உட்கார்ந்து, அறுந்ததை முடியத் தொடங்கிவிட்டார். வந்தவர்கள் விட்ட வேலைக்குத் திரும்பினார்கள். செய்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சொன்னேன். ஆண்டு விழாவில் அவளுக்குப் பரிசைக் கொடுப்பதற்கு முன்னால், கூட்டத்தின் நடுவே நின்று நான் எழுதியது தப்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். அன்று காலை அந்தத் தெருவில் ஒரு பாவுகூட நீட்டவில்லை. அத்தனை வீட்டாரும் வெளுத்த துணி உடுத்தி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் பெயரைச் சொன்னதும் கைதட்டத் தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், தலைமையாசிரியை வாசித்த பாராட்டு யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் கலைந்ததும் அப்பன்காரர் அந்த அம்மாவிடம் வந்தார்.

"டீச்சரம்மா, நாளைலேர்ந்து அனுப்பறேன்."

"ரொம்ப சந்தோஷங்க."

அவர் நகரவில்லை. மேல்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். "ஒண்ணு கேக்கணும். அவ வராத நாளுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டிருப்பீங்க. நான் நிறுத்தனது, போட்டது சரிதான். ஆனா அந்த வண்டி வந்த நாளு... அன்னிக்கு அவ செஞ்சது உங்க பாடந்தானேம்மா?"

தலைமையாசிரியை அறைக்குள் போய் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அந்த நாளைத் தேடி, சிவப்பு 'ஆ'வை அடித்துவிட்டு, நீல மையால் வந்ததாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.