மைன் திறந்துவிட்டது என்று அவள் சொன்னாள்

1. விளக்குப் பிடித்த முதல் நாள்

ஆண்டர்சன்பேட்டையில் உள்ள ஒரு தரும கிளினிக்கின் பெண்கள் பிரிவில் உதவியாளராக நான் சேர்ந்த முதல் நாளில், டாக்டரம்மா என் கையில் ஒரு விளக்கைக் கொடுத்து, ஆடாமல் பிடித்துக்கொள்ளுமாறு கூறினார். விளக்கு ஆடியது. டேபிளில் படுத்திருந்த பெண்ணின் முழங்கால்களும் ஆடின. அந்த அறையில் அச்சமின்றி இருந்தவர் டாக்டரம்மா ஒருவரே. அவர் என் மறு கையை எடுத்து அந்தப் பெண்ணின் கையின்மேல் வைத்தார். சற்று நேரத்தில் விளக்கும் நின்றது, முழங்கால்களும் நின்றன. அன்று முதல் ஓய்வு பெறும்வரை என் வேலை அதுவாகவே இருந்தது. ஒரு கையில் விளக்கு, மறு கையில் யாரோ ஒரு பெண்ணின் கை.

இன்னொரு பொறுப்பும் எனக்கு இருந்தது. டாக்டரம்மா தார்வாடு பக்கத்துக்காரர்; தமிழ் அறியாதவர். எங்கள் ஊர்ப் பெண்களோ ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு என மூன்று மொழிகளிலும் பேரம் பேசக்கூடியவர்கள். ஆயினும் டேபிளில் ஏறியவுடன் தமிழ் ஒன்றைத் தவிர மற்றவை அவர்களுக்கு மறந்துபோகும். அந்தத் தமிழும் நேராக வராது; சுற்றி வளைத்து வரும். அதைக் கன்னடமாக்கி டாக்டரம்மாவிடம் சொல்வது என் கடமை.

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்குச் சென்றதில்லை. கையில் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தே எழுதக் கற்றுக்கொண்டேன். நடையில் பிழை இருப்பின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். சொல்லப்போகும் செய்தியில் பிழை இல்லை.

2. ஊரின் மறைச்சொல்

மாதவிலக்கு அடியோடு நின்றுபோவதை எங்கள் ஊர்ப் பெண்கள் “மைன் மூடியாச்சு” என்பார்கள். நாங்கள் ‘மைன்’ என்றழைக்கும் ஊரின் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு யார் வாயில் முதலில் பிறந்த சொல்லோ, அறியேன். ஆண்கள் அருகில் இருக்கும்போதும் கூசாமல் பேச அது உதவியது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், தலைச்சுமையாகக் காய்கறி விற்கும் பெண்மணி ஒருவர் வந்தார். முதலில் இடுப்புவலி என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தபடி, “மூடின மைன் மறுபடி தொறந்துடுச்சுக்கா” என்றார். அனுபவமில்லாத நான் அதைச் சொல்லுக்குச் சொல் கன்னடத்தில் கூறிவிட்டேன்.

“ஹௌதா?” என்று கன்னடத்தில் வியந்தார் டாக்டரம்மா. தாமும் செய்தித்தாளில் பார்த்ததாகவும், ஊருக்கு நல்லதுதான் என்றும் சொன்னார். சுரங்கத்தை மீண்டும் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் ஊரில் ஓய்ந்ததே இல்லை. அதையே இந்த அம்மாளும் பேசுகிறார் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

நானும் அந்த அம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு பொருளை விளக்கினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து இழுத்து அந்த அம்மாளின் அருகில் போட்டு அமர்ந்தார். அவர் கூறியதை இன்றும் மறக்கவில்லை: “மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு சொட்டு வந்தாலும் அது மாதவிலக்கு அல்ல. சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். கருப்பைப் புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். சோதிக்காமல் என்னாலேயே சொல்ல முடியாது; நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?”

நோயின் பெயரை மட்டும் “அந்த வியாதி” என்று மாற்றி, மற்றதை அப்படியே தமிழில் சொன்னேன். “கார்த்திகை கழியட்டும்க்கா, வர்றேன்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். சொல்லி அனுப்பியும் வரவில்லை. அடுத்த முறை வந்தபோது ஆட்டோவிலிருந்து இருவர் அவரைத் தூக்கி இறக்கினர். நான் பிடித்த கையில் சூடு மட்டுமே இருந்தது, கனம் இல்லை. பெங்களூருக்கு அனுப்பினோம். அவர் திரும்பவில்லை; அவர் விற்ற தெருக்களில் வேறொருவர் காய்க்கூடை சுமந்து வந்தார்.

எங்கள் ஊரில் மைன் திறக்கும் என்பதைக் காட்டிலும் இனிய செய்தி இல்லை. கேட்டவுடன் எல்லார் முகமும் மலரும். அந்த நோய் எங்களிடம் நற்செய்தியின் பெயரில் வந்து நின்றது. நாங்களும் சிரித்து வரவேற்றோம். இதை உணர்ந்த நாளில் எனக்குள் புகுந்த அச்சம் பிறகு என்னைவிட்டு நீங்கவே இல்லை.

3. வாக்கிங்கின் மகிமை

ரோசலின் என் தோழி; என்னைச் சரசு என்று அழைப்பவள். ஆண்டர்சன்பேட்டையில் பிளவுஸ் தைப்பவள். நாள் முழுவதும் மிஷின் முன் அமர்ந்திருந்ததில் உடல் பெருத்தது, சுகரும் வந்தது. நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகக் கூறிவிட்டார். மைசூர் மைன்ஸ் என்னும் பழைய சுரங்கத்தின் பக்கத்து மைதானத்தில் நாங்கள் சில பெண்கள் காலையில் நடப்பது வழக்கம். அவளையும் சேர்த்துக்கொண்டேன். முதலில் அரைச் சுற்றிலேயே கல்லின்மேல் உட்கார்ந்துவிடுபவள், சில மாதங்களில் எங்களுக்கு முன்னால் போகலானாள். சுகரும் இறங்கியது.

ஒருநாள் காலை, நடையை முடித்து நாங்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது அவள் கையைத் தட்டினாள்.

“ஏய், ஒரு விஷயம் கேளுங்கடி. என் மைன் தொறந்துடுச்சு!”

“இன்னாது?” என்றாள் பத்மா. எங்கள் கூட்டத்தில் வாய்த்துடுக்கு மிக்கவள் அவள்.

“எத்தினி வருஷமா மூடிக் கெடந்தது! இப்ப ஓடுதுடி. எல்லாம் சரசு கூட்டிக்கினு வந்த வாக்கிங்கோட மகிமை. ஒடம்பு எளமையாயிடுச்சு.”

“அப்ப உன் பேத்திக்கும் உனக்கும் ஒரே பந்தல்ல சடங்கு சுத்திடலாம். செலவு மிச்சம்.”

“மொதல்ல எனக்கு சுத்துங்க. நான்தானே சீனியர்.”

மைதானமே சிரித்தது. “சரசக்கா, எத்தினி ரவுண்டு போனா இந்த மாதிரி ஆவும்?” என்று பத்மா என்னிடம் கேட்டாள். அவள் பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள். மீதிப் பாதி விளையாட்டு அல்ல என்பதை அவள் கண்களில் கண்டேன். என்னை அறியாமல் ரோசலினின் கையைப் பற்றினேன்.

அவள் சிரிப்பு நின்றது. பற்றிய கையைக் குனிந்து பார்த்தாள்.

“இன்னா சரசு, கைய புடிக்கிற? நீ டேபிள்ல படுத்தவளுக்குத்தானே கை புடிப்ப?”

“இன்னிக்கே கிளினிக்குக்கு வா ரோசி. ஒரு தடவ பார்த்துடலாம்.”

“எனக்கு இன்னா வந்துச்சு? வலி இல்ல, ஜொரம் இல்ல. நல்லா இருக்கறவள நோயாளி ஆக்காத.” கையை உருவிக்கொண்டாள். “கிறிஸ்மஸ் தையல் மல மாதிரி கெடக்குது. உங்க டாக்டரம்மாதானே நடக்கச் சொன்னாங்க? நடந்தேன். அதுக்கு இதுவா கூலி?”

டாக்டரம்மா சொன்னதையும் காய்கறிக்கார அம்மாளுக்கு நேர்ந்ததையும் கூட்டத்தின் நடுவிலேயே சொன்னேன். ரோசலின் செருப்பை மாட்டிக்கொண்டு தனியே போய்விட்டாள். மறுநாள் மைதானத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கடைக்குச் சென்றால், வாடிக்கைக்காரர்கள் முன்னிலையில் அளவு எடுப்பதில் மூழ்கியிருப்பாள். காய்கறிக்கார அம்மாளின் கனமில்லாத கை என் கையிலேயே இருப்பதுபோலத் தோன்றியது.

4. சாமுவேல் அண்ணன் சொன்ன ஒழுங்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் வேளை பார்த்து அவள் வீட்டுக்குச் சென்றேன். கணவர் சாமுவேல் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. இப்போது நெஞ்சில் தூசி. ஒரு மூச்சுக்குச் சில சொற்களே பேச முடியும். ரோசலின் மூலையில் மிஷினை ஓட்டிக்கொண்டே, பேசாதே என்று கண்ணால் எச்சரித்தாள்.

ஓர் ஆணிடம் அதை எவ்வாறு சொல்வது? அவள் அவருடைய மனைவியேயானாலும் அவள் அனுமதியின்றி எவ்வாறு சொல்வது? ஆகவே சுரங்கத்தின் பேச்சையே எடுத்தேன்.

“அண்ணா, வேல நிறுத்தி மூடின எடத்துலேந்து தண்ணி வந்தா நீங்கள்லாம் இன்னா பண்ணுவீங்க?”

அவர் முகம் தெளிந்தது. சுரங்கத்தைப் பற்றி அவரிடம் கேட்பவர்கள் இப்போது எவரும் இல்லை. “மேல சொல்லணும். ஷிப்ட் பாஸ்கிட்ட. ஒடனே.”

“கொஞ்சமாதான் வருது. கையில இருக்கற வேலய முடிச்சுட்டு சொல்லலாமா?”

“வேலயா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு இரைந்தது. “நெறையா தண்ணி வந்தா பயமில்லம்மா. எல்லாம் ஓடிடுவான். கொஞ்சமா வர்றதுதான் பயம். கொஞ்சமா வந்தா, ஒக்காந்து வெத்தல போடுவான்.”

மிஷின் நின்றது. சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்தார்; நான் தரையைப் பார்த்தேன். பிறகு மூலையைப் பார்த்தார்.

“ரோசி.”

“இன்னா?”

“எத்தினி நாளா?”

துணியிலிருந்து நூலை இழுத்து இழுத்து அறுத்தாள்.

“மேல சொன்னியா?”

“இல்ல.”

“நாளைக்கு மொத ஆளா போ,” என்றார். “தையல நான் பாத்துக்கறேன்.” ஊசியில் நூல்கூடக் கோக்க அறியாதவர் அவர். ரோசலின் சிரிக்க முயன்று அழுதுவிட்டாள்.

5. தமிழில் கேட்டது

மறுநாள் அவள் டேபிளில் படுத்தாள். எத்தனையோ பெண்களுக்கு ஆடாத விளக்கு அன்று மீண்டும் ஆடியது. “என் கைய வுட்டுட்டு வெளக்க ஒழுங்கா புடி” என்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் ஸ்கேன் எடுத்ததில் கருப்பையின் உட்புறச் சவ்வு தடித்திருப்பது தெரிந்தது. டாக்டரம்மா மெல்லிய குழாயால் சிறிது திசுவை எடுத்துப் பெங்களூருக்குச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை கழிந்த நாட்களை நான் எவருக்கும் விரும்பமாட்டேன். எந்தத் தையலையும் பிரிக்க நேராத ரோசலின், ஒரு பிளவுஸில் கைகளை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டாள். ஒருநாள் அதைப் பிரித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: “அந்தக் காய்காரம்மா கை எப்படி இருந்துச்சு சரசு?” பிரித்த நூல்களை நான் குனிந்து பொறுக்கினேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார். கன்னடத்தில் ரோசலின் என்னிலும் வல்லவள். முழுவதும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் புரிஞ்சுது. இருந்தாலும் நீ தமிழ்ல சொல்லு. அப்பதான் இது என் ஒடம்பு மாதிரி இருக்கும்.”

எங்கள் கிளினிக்கில் அந்த நோயின் பெயரைத் தமிழில் எவரும் சொல்வதில்லை. “அந்த வியாதி” என்போம். அன்று நான் அதன் பெயரையே சொன்னேன். “கருப்பையில புத்து இருக்குது ரோசி. ஆரம்பத்துல இருக்குது. எடுத்துட்டா நல்லாயிட நெறைய வழி இருக்குதுன்னு சொல்றாங்க.”

அவள் கேட்ட முதல் கேள்வி இது: “நடந்ததாலயா வந்துச்சு?”

இல்லை என்று டாக்டரம்மா உறுதியாகக் கூறினார். உடல் பருமனும் சுகரும் இந்நோய்க்கு இடம் கொடுக்கும்; நடை அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது. இவ்வளவு நாள் நடந்தது ஆபரேஷனைத் தாங்கவும் பிறகு தேறவும் உதவும். ஆனால் நின்ற மாதவிலக்கை நடை திரும்பக் கொண்டுவராது; வந்த நோயை நடை மட்டும் போக்கவும் போக்காது.

பெங்களூருக்குக் காலை ரயிலில் சென்றோம். தினமும் வேலைக்குப் போகும் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். “இனிமே தொறக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம ஷாஃப்டயே புடுங்கிடப் போறாங்க” என்று, சுரங்கக் குழியின் பெயரால் கருப்பையைச் சொல்லி, அவர்களைச் சிரிக்க வைத்தாள். ஆபரேஷன் அறைக் கதவு மூடியபோது உள்ளே என் கை போக முடியவில்லை. அவ்வளவு ஆண்டுக்காலப் பணியில் வெறும் கையோடு வெளியே நின்றது அன்றுதான். நின்ற இடத்திலேயே நின்றேன்.

அவள் பிழைத்தாள். மறுநாளே வார்டில் மெல்ல நடக்க வைத்தார்கள். பாரம் தூக்கக் கூடாது என்று நெடுநாள் தடை. மிஷினும் அதன் பிறகே. இன்று மீண்டும் மைதானத்தில் நடக்கிறாள்.

என் பணி எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுவே. உடம்பைப் பற்றி நாம் கூச்சத்தில் வைத்துக்கொள்ளும் விளையாட்டுப் பெயர்களுக்குள் நோய் ஒளிந்துகொள்ளும். நின்ற பிறகு எந்த நிறத்தில் எவ்வளவு கொஞ்சம் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றே சொல்லுங்கள். நடங்கள், விடாமல் நடங்கள். ஆனால் நன்றாக நடக்கிறோம் என்பதற்காகச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மூடியாச்சு என்று எவளாவது சொன்னால், எங்கள் மைதானத்தில் பத்மா உடனே கேட்கிறாள்: “தண்ணி கசியுதாடி? கசிஞ்சா மேல சொல்லு.” இதை எழுதலாமா என்று ரோசலினிடம் கேட்டேன். “பேரோட எழுது. சடங்கு சுத்தறேன்னு சொன்னவ பேரையும் போடு” என்றாள்.

பெங்களூரில் அவள் இன்னும் அவ்வப்போது டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய காலைகளில் எங்களை முந்திப் போகாமல் என் பக்கத்திலேயே நடப்பாள். சென்ற முறை அப்படி நடக்கும்போது, பேச்சில்லாமல் என் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. பத்மா பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“இன்னாக்கா, டேபிள் கையா?”

“சீ போடி,” என்றாள் ரோசலின். “இது வாக்கிங் கை.”

அந்தச் சுற்று முடியும்வரை அவள் விடவில்லை. நானும் விடவில்லை.