எங்கள் கொல்லை மட்டும் பூத்தது

அப்பாவின் படத்திறப்பு அன்று ஊர்ப் பிள்ளைகள் மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கைகூப்பி நிற்கும் அப்பாவுக்குப் பின்னால் பச்சைப் பசேல் என்று நெல் வயல். வாழ்நாள் முழுக்கக் கரும்பு போட்ட மனிதருக்கு நெல் வயல். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, பேனர் கடைக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான். அடியில் ‘குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் வாழ்ந்தவர்’ என்று எழுதியிருந்தது. அக்கா அதன் கீழே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியிருந்தது இரண்டுமே உண்மை. ஆனால் ஒரு வருஷம் அந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எது ஜெயித்தது என்பதைப் பேனரில் எழுத முடியாது.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா விடிந்ததும் மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விடுவாள் என்பதால் எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிற வேலை அப்பாவுடையது. வகிடு நேராக வரவில்லை என்று கலைத்துக் கலைத்து எடுப்பார். ஒரு பக்கம் முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். பண்ருட்டிக்குப் போனால் பலாச்சுளையை வாயில் வைக்காமல் துண்டில் முடிந்து எங்களுக்குக் கொண்டுவருவார். அக்கா சிதம்பரத்தில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து, ஹாஸ்டலில் அழுகிறாள் என்று தெரிந்ததும், முதல் மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முறுக்கு டப்பாவோடு பஸ் ஏறினார். வாட்ச்மேன் அவருக்கென்றே ஒரு ஸ்டூல் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டாராம். “பொண்ண படிக்க அனுப்பனியா, இல்ல நீயே படிக்கப் போறியா மச்சான்?” என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அப்பா சிரித்துக்கொள்வார்.

அந்த வருஷம்தான் அவரைக் கரும்புச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஊரில் கரும்பு போடுகிற முப்பது நாற்பது குடும்பம். ஊருக்கு வருவது ஒரே ஒரு செட் வெட்டாட்கள். எங்கள் பக்கத்தில் வயலைக் கொல்லை என்போம். யார் கொல்லையில் முதலில் வெட்டுவது என்பதில் வருஷா வருஷம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டை நடக்கும். தலைவராக இருப்பவர் கொல்லை முதலில் வெட்டப்படும் என்பது எழுதாத சட்டம். அப்பா கோயில் முன்னால் எழுந்து நின்று, “என் கொல்லை கடைசி” என்றார். கை தட்டல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அம்மா சாணி தட்டிக்கொண்டிருந்தாள். “தட்டனவங்கள்ல ஒருத்தராச்சும் வந்து நம்ம கரும்ப வெட்டித் தருவாங்களா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவில்லை. கொல்லைகளில் தண்ணீர் வடியாமல் வெட்டாட்கள் வருவதே தள்ளிப்போயிற்று. பொங்கல் லீவுக்குப் பெட்டியோடு வந்த அக்கா, கரும்பு வெட்டினால்தான் பணம் கட்டித் திரும்பிப் போக முடியும் என்ற நிலை. அம்மாவின் செயின் ஏற்கெனவே உரத்துக்காக பேங்கில் இருந்தது. ஒரு வார லீவு மாதமாக நீண்டது. எனக்கோ கொண்டாட்டம். அக்காவின் பக்கத்தில் படுக்கலாம், அவள் கையால் சோறு வாங்கிக்கொள்ளலாம். அக்கா திரும்பிப் போகக்கூடாது என்று மாரியம்மனிடம் தினமும் வேண்டிக்கொண்டேன். எனக்கு ஏழு வயது. நான் கேட்டதில் மாரியம்மன் உடனே காதில் போட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

தை பாதியில் எங்கள் கரும்பு பூத்தது. ஆள் உயரத்துக்கு மேலே, தோகைக்கு நடுவிலிருந்து வெள்ளி நிறத்தில் நீள நீளமாகப் பூ. சுற்றிலும் ஒவ்வொரு கொல்லையாக மொட்டையாகிக்கொண்டிருக்க, எங்களுடையது மட்டும் காற்றில் மினுங்கிக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் கரும்பு மட்டும்தான் பூத்திருக்கிறது என்றேன். வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வீட்டிலும் கரும்பு உண்டு. பூத்துவிட்டால் கரும்பு வளராது, வெட்டாமல் விட்டால் உள்ளே பஞ்சாகி எடை விழுந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கரும்புக்குப் பூ என்பது நரை.

பக்கத்துக் கொல்லை மாமா ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். “மச்சான், பூ வுட்டுடுச்சி. என் மொறைய நீ எடுத்துக்க. என்னுது இன்னும் கொஞ்ச நாளு தாங்கும்” என்றார். அப்பா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். “இன்னிக்கி ஒங்கிட்ட வாங்கிக்கிட்டா, நாளைக்கி ஊர்ல ஆளாளுக்கு மொறைய மாத்திக்குவாங்க. வேணாம் மச்சான்” என்றார். மாமா மோரைக் குடித்துவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நேர்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கை தட்டலும் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது அம்மா ஆரம்பித்தாள். “ஒரு குச்சி உரசிப் போட்டா போதும், நாளைக்கே ஆளு எறங்கும்.” தீப்பிடித்த கரும்பு தாங்காது, உடனே வெட்டி ஆலைக்கு ஏற்றியாக வேண்டும். அதனால் எரிந்த கொல்லைக்குத்தான் முதல் முறை. அவசரக்காரர்கள் சிலர், தானாகப் பற்றிக்கொண்டது என்று சொல்லித் தங்கள் கொல்லைக்குத் தாங்களே தீ வைப்பதும் உண்டு. அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இன்னொருத்தனுக்கு மொற சொல்லுவேன்? ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தம் புள்ள தானா வளரும்.”

“தானா வளர்றதுக்கு அது என்னா கோரையா?” என்றாள் அம்மா.

கோரை என்பது வயலில் பிடுங்கப் பிடுங்க முளைக்கிற களை. எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு ஊட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. சோறு வரவில்லையே என்று நான் வாயைத் திறந்தபடி இருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் அக்கா அடுப்பு மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன். கொல்லைக்குப் போகிற வழியில் அவள் ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்கு வரப்பில், சருகு குவிந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். தீப்பெட்டியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அவள் தோள்கள் ஏறி இறங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. நடந்துவந்த இளைப்பு என்று நினைத்தேன்.

“அக்கா, எனக்கு ஒரு பூவு ஒடச்சிக் குடுக்கா.”

திடுக்கிட்டுத் திரும்பினாள். “நீ எங்கடி வந்த?” என்றாள். பிறகு என்னையே பார்த்தாள். என் கன்னத்தில் ஒட்டியிருந்த சருகுத் தூசியைத் துடைத்தாள். எழுந்து, ஒரு கரும்பை வளைத்து, பூவை ஒடித்து என் கையில் கொடுத்தாள். என்னைவிட நீளமான பூ. அதை நான் முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தபோது வரப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மொபெட் வந்து நின்றது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பார்த்தார். அப்பா கையை நீட்டினார். அக்கா தீப்பெட்டியைக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “வெயிலா இருக்கு, ஏறுங்கம்மா” என்றார்.

எங்கள் கொல்லையைப் பங்குனியில், ஊருக்கெல்லாம் கடைசியாக வெட்டினார்கள். வெட்டாட்கள் தக்கையைத் தூக்குகிற மாதிரி கட்டுகளைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். அக்காவின் பெட்டி பரணுக்குப் போயிற்று. இரண்டு வருஷம் கழித்துச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் ஒரு நல்ல மனிதருக்கு வாழ்க்கைப்பட்டாள். எறால் தீவனக் கடை. இன்றைக்கும் சர்க்கரை பார்க்கிற மெஷினை வைத்துக்கொண்டு தெருவில் எல்லாருடைய விரலிலும் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா பொங்கலுக்குப் பொங்கல் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, காய்கறி, புடவை என்று வரிசை கொண்டுபோவார். கரும்பு மட்டும் இருக்காது. “சங்கத் தலைவரு வூட்டுல கரும்புக்குப் பஞ்சமா?” என்று அக்காவின் மாமியார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். அப்பா வெறுமனே தலையைக் குனிந்துகொள்வார்.

பேனருக்குக் கீழே நின்றபோதுதான் அக்காவிடம் அந்தத் தீப்பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

“பத்த வைக்கத்தான்டி போனேன். அப்பாவுக்கும் தெரியும்” என்றாள். “நீ பின்னாடியே வந்து பூ கேட்ட. ஒன்ன வச்சிக்கிட்டு எப்பிடிடி பத்த வைக்கறது?”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் வீட்டிலேயே தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“கடைசி வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கலடி. கேட்டிருந்தா நாலு திட்டாவது திட்டியிருப்பேன். அதுவும் இல்லாம போய்ட்டாரு” என்றாள்.

அன்று கொல்லையிலிருந்து திரும்பும்போது மொபெட்டில் நான் முன்னால் நின்றுகொண்டேன். அக்கா பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் முதுகில் முகத்தைச் சாய்த்திருந்தாள். வழியில் ஒரு கொல்லையில் வெட்டாட்கள் அப்பாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள். அப்பா பதிலுக்குக் கை உயர்த்தவில்லை. அவருக்குப் பதிலாக நான் பூவை உயர்த்திக் காட்டினேன். பிறகு, பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“அப்பா, அக்கா இனிமே போவாது இல்ல? நம்ம வூட்லயே இருக்கும் இல்ல?”

அப்பா பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சரி என்றுதான் அர்த்தம். நான் சந்தோஷமாக ஊர் வரைக்கும் அந்தப் பூவை ஆட்டிக்கொண்டே வந்தேன்.