திரைக்குக் கீழே ஓடும் எண்

டெலிவிஷனில் பொருள் விற்கிறவர்களைத் திட்டவேண்டும் என்று தோன்றினால் அவர்களைத் திட்ட முடியாது; திரைக்குக் கீழே ஓடுகிற எண்ணுக்குப் போன் போட்டு எங்களைத்தான் திட்ட முடியும். மூன்று வருஷம் அந்த எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. நீங்களாவது சேனலை மாற்றலாம். எங்கள் அறையில் அந்த நிகழ்ச்சி நாள் முழுக்க ஓடும், ரிமோட் சூப்பர்வைசரின் டிராயரில் இருக்கும்.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேலே மாடி அறை. ஆறு பெண்கள், ஆறு ஹெட்போன்கள். நிகழ்ச்சியை எடுப்பது சென்னையில், எப்போதோ ஒரு நாள். தென்மாவட்டத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் மட்டும் இங்கே மணி அடிக்கும். அதற்கான காரணத்தைச் சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். டிவியில் பேசுகிறவர்களை நம் ஜனங்கள் நம்ப மாட்டார்களாம், நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால்தான் நம்புவார்களாம்.

இன்னொன்றும் சொன்னார். எங்கள் கண்ணெதிரே ஒரு தாள் ஒட்டியிருக்கும். பொருளைப் பற்றி அதில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. “வாங்காதீங்க” என்றோ, “டாக்டரைக் கேளுங்க” என்றோ வாய் தவறிச் சொன்னாலும் அன்றோடு வேலை இல்லை. பேசுவதெல்லாம் பதிவாகும், அவர் கேட்பார். என் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தது போல அந்தத் தாளையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பத்தே பத்து

காய்கறி நறுக்குகிற கருவி ஒன்று வரும். அதை விற்கிற பெண் இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டு, “என் அன்பு நேயர்களே, இன்னும் பத்தே பத்து செட்தான் இருக்கிறது! முந்துங்கள்!” என்று அலறுவாள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார். மிளகாய் போடுகிறவர். “யம்மா, அந்தப் பத்தும் வித்துட்டா?” என்று கேட்டார். தாளில் இருந்தபடி, “சீக்கிரம் தீந்துரும் அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணு எழுதிக்கட்டுமா?” என்றேன்.

எனக்கு வேண்டாம் என்றார். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டாராம். “நான் வத்தலைக் காயப்போட்டுட்டு வந்து உக்காந்தன்னைக்கும் பத்துதான் இருந்துச்சு. வத்தல் காஞ்சி, அள்ளி, மூட்டை கட்டி, வித்தும் முடிச்சாச்சு. இன்னும் பத்துதான் இருக்கு.” குரலில் கிண்டல் இருந்த மாதிரித் தெரியவில்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வைப்பதற்கு முன்னால் சொன்னார்: “பத்து சாமானத்தை விக்க அந்தப் பிள்ள இம்புட்டு நாளா கத்துதே, அது தொண்டைக்கு யாராவது ஒரு சுக்குக் காப்பி போட்டுக் குடுங்கம்மா.”

ஆழ்கடல் முத்து

முத்துமாலை விற்கும்போது அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நீலக் கடல் படத்தைத் தொங்கவிடுவார்கள். “தூத்துக்குடி ஆழ்கடலில், உயிரைப் பணயம் வைத்து, உங்களுக்காகவே எடுத்து வந்த முத்துக்கள்!” என்று சொல்லிக் கண்ணை வேறு துடைத்துக்கொள்வாள். நாங்கள் ஆறு பேரும் பிறந்து வளர்ந்தது இந்தக் கரையில்தான். முத்துக் குளிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் வீடுகளில் யாரும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கிற ஒருவர் கூப்பிட்டார். “அந்த முத்தை எடுத்தவன் பேரு என்னன்னு கேட்டுச் சொல்லும்மா. நம்ம கடல்னா நம்ம தெருவுலதான இருப்பான்?” என்றார். தரச் சான்றிதழோடு வரும் என்று தாளைப் படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மூச்சுக்காற்று வருகிற ஹோஸை வாயில் கடித்துக்கொண்டு முப்பது வருஷமாக இறங்குவதாகச் சொன்னார். காது ஒன்று போய்விட்டதாம், அதனால் என்னைக் கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னார். பொய்யைச் சத்தமாகச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று தடவை அந்த வரியைக் கத்தினேன், கீழே டயர் கடையில் வேலை செய்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். கடைசியில் அவர் கேட்டார்: “நாளெல்லாம் உள்ளயே கெடக்க எங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல, பவுடர் போட்டுக்கிட்டு நிக்க அவளுக்கு மட்டும் எப்படிம்மா டப்பா டப்பாவாக் கெடைக்கு?”

முகத்துக்குப் பூசுவது

முகம் வெளுக்க ஒரு கிரீம் உண்டு. டிவியில் அதே பெண் இரண்டு படங்களைக் காட்டுவாள். கறுத்த படத்தைக் காட்டி, “இப்படி இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள், சொல்லுங்கள்?” என்று சிரிப்பாள். நான் நல்ல கறுப்பு. மற்ற ஐந்து பேரும் ஏறக்குறைய என் நிறம்தான். அந்தப் படம் ஓடுகிற நேரத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே சண்டை. “எம் மக எம்.எஸ்ஸி. படிச்சிருக்கா. இவ டிவியில வந்தாலே எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருதா. எங்க வீட்டுக்குள்ளயே எம் பிள்ளையை இருக்கவிடாம விரட்டுததுக்கு இவ யாரு?” உங்கள் மகளுக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் கிரீமில் ஒரு மண்ணும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். “உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டேன்ம்மா” என்றேன். சொல்லும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது.

அதோடு வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: “சரி, ரெண்டு டப்பா அனுப்பு. அவ சொல்லுதது பொய்னு எனக்குத் தெரியும், பொண்ணு பாக்க வாரவனுக்குத் தெரியணும்லா?”

துக்க வீடு

உங்களில் பலர் வீட்டிலும் இது நடந்திருக்கும். டிவியைப் போட்டால் நீங்கள் கேட்ட சேனல் வராது, முதலில் எங்கள் சேனல்தான் வந்து நிற்கும். அப்படி ஒரு ஏற்பாடு. கடற்கரைத் தெரு ஒன்றில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். உடலைப் பெட்டியில் வைத்து நடுவீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். அடக்கத்துக்கு இன்னும் நேரம் இருந்ததால், டிவியில் சர்ச் பூசை போடச் சொல்லி வந்திருந்த பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். இறந்தவருக்குக் காது மந்தம். அதனால் டிவியின் சத்தம் எப்போதும் முழுசாக ஏற்றியே இருக்குமாம், யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

பொத்தானை அமுக்கியதும் எங்கள் அம்மணி முழங்கால் தைலத்தோடு தோன்றி, “கவலையை விடுங்கள்! படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் மூன்றே நாளில் எழுந்து நடப்பார்!” என்று வீடு அதிரக் கத்தியிருக்கிறாள். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்த மற்றவர்களுக்கு ஆத்திரம் வந்து, அடக்கத்துக்கு முன்பே குடும்பத்தில் சண்டை. இதையெல்லாம் சொன்னவர் இறந்தவரின் மகன். மறுநாள் கூப்பிட்டு, கோபப்படாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்ற வரியை வாசித்தேன். அதற்கு அவர் சொன்னது: “மூணாம் நாள் உயிர்த்தவரு ஒருத்தர்தாம்மா உண்டு. அவருகூட தைலம் வந்து சேருததுக்கு முன்னாலயே எந்திரிச்சுப் போயிட்டாரு.”

மாத்திரை

இதுவரை சொன்னவற்றை யாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

சர்க்கரை வியாதிக்கு ஒரு பொடி. அதை விற்கும்போது அந்தப் பெண் ஒரு மாத்திரைப் பட்டையைத் தூக்கிக் காட்டி, “இனி இது எதற்கு?” என்று குப்பைக்கூடையில் போடுவாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உப்பளம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. உப்பு வாருகிற வேலை, காலில் புண் வந்து இரண்டு மாதமாக ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். “அவ ஆடுத ஆட்டத்தைப் பாத்தா எனக்கு நம்பிக்கை வரல தாயி. அதான் உங்கிட்டக் கேக்கேன். பொடி வாங்கினா மாத்திரையை நெசமாவே நிறுத்திரலாமா?”

நிறுத்தக்கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். என் அப்பாவுக்கும் சர்க்கரைதான், அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் நான். ஆனால் அந்த மாதம்தான், டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னதற்காக எங்களில் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சூப்பர்வைசர் தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “டிவியில சொன்னபடி சாப்பிடச் சொல்லுங்க” என்றேன். அது வெறும் வாசிப்பாக, விறைப்பாக இருந்தது. மறுமுனையில் அவர் தயங்குவது தெரிந்தது. உடனே நானாகவே, தாளில் இல்லாததை, சேர்த்துக்கொண்டேன்: “பயப்படாதீங்கக்கா.”

சூப்பர்வைசர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அந்த அக்காவின் எண் என் கம்ப்யூட்டரில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. குறித்துக்கொண்டு போய், சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். குறித்துக்கொண்டால் கூப்பிட வேண்டியிருக்கும் என்றுதான் குறிக்கவில்லை. வைக்கும்போது அவர் சொன்னார்: “நீ சொன்னாச் சரி தாயி.”

அதே குரல்

மூன்று மாதம் கழித்து அந்தக் குரல் மறுபடியும் வந்தது. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், “நீதானா?” என்று கேட்டார். மூன்று தடவை போட்டாராம், மூன்று தடவையும் வேறு வேறு பெண்கள் எடுத்தார்களாம், என் குரல் கிடைக்கும்வரை போடுவது என்று இருந்தாராம். நான்தான் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஏனோ வரவில்லை.

“முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாவ” என்றார். புண் கறுத்து மேலே ஏறிவிட்டதாம். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டார்களாம். பொடியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, புகார் எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. இதற்கு அந்தத் தாளில் வரி ஏதும் கிடையாது. “இப்ப எப்படி இருக்காவக்கா?” என்று கேட்டேன். “வேலைக்கா போக முடியும்? உக்காந்து டிவி பாக்காவ” என்றார்.

பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், அன்றைக்கே மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு சொல்லியிருக்கணும், தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன், என்னை மன்னிச்சிருங்கக்கா என்று சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடித்ததும் சொன்னார்: “டிவியில நிக்கவளை நான் என்னைக்குமே நம்பல தாயி, அவ வாயத் தொறந்தாலே பொய்யின்னு எல்லாத்துக்கும் தெரியும், நீ அக்கான்னு சொன்ன பாத்தியா, அந்த ஒரு சொல்லுலதான் மாத்திரையை நிறுத்தினேன்.”

மறுநாளே அந்த வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சூப்பர்வைசர் அந்தப் பதிவைக் கேட்கவே இல்லை, மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒன்பது மாதம் பாக்கி இருந்தது, அதுவரை கூப்பிட்டவர்களையெல்லாம் அக்கா என்றும் அண்ணாச்சி என்றும் அழைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.